கைலிக் கட்டம் ஆபீஸ் போன வழி

காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகக் கடற்கரைக்குப் போகும் ரயில் காலையில் பழையசீவரத்தில் நிற்கும்போது, அன்று வெள்ளிக்கிழமையா என்பதை ஏறுகிறவர்களின் சட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். மற்ற நாட்களில் வெளிர்நீலமும் வெள்ளையுமாக, சட்டையை பேண்டுக்குள் செருகி, கழுத்தில் அட்டை தொங்க, பரனூரில் இறங்கி மகிந்திரா சிட்டிக்குள் நடக்கிற பிள்ளைகளில் பலர் அன்றைக்குக் கட்டம் போட்ட சட்டையை வெளியே விட்டுக்கொண்டு வருகிறார்கள். அதே நேரத்தில் பாலாற்றுப் பக்கம் மாடு ஓட்டிக்கொண்டு போகிறவரின் கைலியிலும் அதே கட்டம்தான். இடுப்பில் இருக்கும் கட்டம் ஆபீஸ் வாசலைத் தாண்டாது. தோளில் இருப்பதற்குத் தடை இல்லை. இடுப்பிலிருந்து தோளுக்கு ஏற அது உலகத்தையே சுற்றி வந்திருக்கிறது.

கட்டம் என்பது துணியின் மேல் அச்சடித்ததல்ல. நூலை முதலில் சாயத்தில் தோய்த்து, பாவில் நிறம் மாற்றி மாற்றி ஓட்டி, கஞ்சி போட்டு, தறியில் ஏற்றிய பிறகு ஊடையிலும் அதே கணக்கில் நிறம் மாற்றி நாடாவை எறிந்தால்தான் கட்டம் விழும். ஓர் இழை தப்பினாலும் கண்ணில் உறுத்தும். முன்பக்கம், பின்பக்கம் என்ற வேறுபாடே கிடையாது. இதை நெய்தவர்கள் சோழமண்டலக் கரையெங்கும் இருந்தார்கள். பழவேற்காட்டில் 1613-இல் கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள் இதைக் கிழக்கே கொண்டுபோனார்கள். மலாய் நாட்டில் கட்டம் போட்ட கைலியை இன்றும் பழவேற்காட்டின் பெயரால் பெலிகாட் என்றே கேட்டு வாங்குகிறார்கள். ஆங்கிலேயர் 1639-இல் சென்னைக் கடற்கரையில் இடம் பிடித்ததற்கும் முதல் காரணம் இங்கே பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததுதான். நெசவாளர்களைக் குடியமர்த்தவே காலாடிப்பேட்டையும் சிந்தாதிரிப்பேட்டையும் உருவாயின.

இந்தத் துணியை ஏற்றிய கப்பல்கள் போன வழியில் பெருமை மட்டும் இல்லை. இந்தியப் பருத்தித் துணியைக் கொடுத்து மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். அந்தச் சரக்கில் சென்னைக் கட்டத் துணியும் இருந்தது. இதைச் சொல்லாமல் இந்தத் துணியின் கதையைச் சொல்வது நேர்மையாகாது. ஆனாலும் துணியை வாங்கிய மக்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் அதற்கு இஞ்சிரி என்று பெயர் வைத்தார்கள். பிறப்புச் சடங்கிலும் இறப்புச் சடங்கிலும் அது இடம்பெறுகிறது. அவர்களுடைய பெண்கள் கூரிய கத்தியால் சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, நம் கட்டத்துக்குள்ளேயே வேறொரு வடிவத்தை வரவழைக்கிறார்கள். கரீபியத் தீவுகளில் இதே கட்டத் துணிக்கு மெட்ராஸ் என்றே பெயர்; அடிமைப் பெண்களின் தலைத்துணியாக இருந்த அது இன்று மார்த்தினிக், குவாதலூப், டொமினிக்கா, செயின்ட் லூசியா தீவுகளில் விழா உடை. 1850-களில் காரைக்காலிலும் புதுச்சேரியிலும் கப்பலேறி மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் கரும்புக்காட்டுக் கூலிகளாக இறங்கிய தமிழர்கள், முன்பின் தெரியாத அந்த மண்ணில் தங்கள் ஊர்த் துணியை யார் யார் தலையிலோ பார்த்திருப்பார்கள். அந்தக் கணத்தை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சட்டையாக மாறிய கதை அமெரிக்காவில் நடந்தது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற துணி இறக்குமதியாளர் இந்தியாவுக்கு வந்தார். பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடம் கெஜம் ஒரு டாலர் வீதம் பத்தாயிரம் கெஜம் வாங்கினார் என்று சொல்வார்கள். தாவரச் சாயம், குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரித்தாராம். அந்த எச்சரிக்கை, துணியை அவரிடம் வாங்கிச் சட்டையாக விற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் கடைக்குப் போய்ச் சேரவில்லை. சட்டை வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள். சாயம் கரைந்து நிறத்தோடு நிறம் கலந்தது. கோபம் வழக்கு வரைக்கும் போகும் போலிருந்தது. அப்போது விளம்பரக்காரர்கள் குறையையே குணமாக்கினார்கள்: ஒவ்வொரு சலவையிலும் சாயம் போகும், ஒவ்வொரு முறையும் புதுச் சட்டை. அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் கோடைக்கால உடையாக அது நிலைத்தது. நம் ஊரில் மாடு மேய்க்கிறவர் கட்டுவதை அங்கே பணக்கார வீட்டுப் பிள்ளைகள் போட்டார்கள்.

ஆபீஸ் கதவைத் திறந்தது ஹவாய். வெக்கையில் கோட்டும் டையும் வேண்டாம் என்று அங்குள்ள ஆடைத் தயாரிப்பாளர் சங்கம் 1962-இல் சட்டமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பூப்போட்ட சட்டை கொடுத்தது. 1966-இல் வெள்ளிக்கிழமைகளில் அலோஹா சட்டை என்ற அந்தப் பூப்போட்ட சட்டையைப் போடும் வழக்கம் தொடங்கியது. அது மற்ற அமெரிக்க ஆபீஸ்களுக்கும் பரவியது. 1992-இல் லீவைஸ் நிறுவனம், ஆபீசுக்கு ஏற்ற சாதாரண உடை எது என்று விளக்கும் கையேட்டை 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பியது. சாஃப்ட்வேர் கம்பெனிகளோடு அந்த வெள்ளிக்கிழமை வழக்கம் நம் ஊருக்கும் வந்தது. மகிந்திரா சிட்டியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் இன்ஃபோசிஸ், 2015-இல் அந்தச் சலுகையை வாரம் முழுவதற்கும் நீட்டித்தது.

வேட்டிக்கு வேறு வழி. 2014 ஜூலையில் உயர்நீதிமன்ற நீதிபதி டி. ஹரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்தார் என்று சென்னையில் ஒரு கிளப்பில் உள்ளே விடவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. 2019-இல் வந்த தலைமைச் செயலக உடை ஆணையிலும் வேட்டிக்கு இடம் உண்டு. கைலிக்காக யாரும் வழக்காடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை என்றே நினைக்கிறேன். எந்த இடத்துக்கு எது என்பது பழையசீவரத்துக்காரர்களுக்கு யாரும் எழுதிக் கொடுத்துத் தெரிய வேண்டியதல்ல. மாட்டுப் பொங்கலை ஒட்டிப் பார்வேட்டை உற்சவத்துக்குக் காஞ்சி வரதராஜப் பெருமாள் பழையசீவரம் மலையேறி வரும் நாளில், வாரம் முழுக்க பேண்டு போட்ட பிள்ளைகள்கூட வேட்டியில் நிற்பார்கள். வீட்டுக்குக் கைலி, சாமிக்கு வேட்டி என்று பிரித்துப் பழகியவர்களுக்கு ஆபீஸ் வெள்ளிக்கிழமை ஒரு புதிராக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் தயக்கம் இருக்கிறது. முதல் வேலைக்குப் போகும் கிராமத்துப் பிள்ளைக்கு, சாதாரண உடை என்றால் எவ்வளவு சாதாரணம் என்ற பயம். எழுத்து பொறித்த டி-சர்ட்டும் கிழிசல் ஜீன்சும்தான் நகரத்து அடையாளம் என்று எண்ணிச் சம்பளத்தை அதில் கொட்டுகிறார்கள். வேண்டாம். காலர் வைத்த, இஸ்திரி போட்ட, பருத்திக் கட்டச் சட்டை, முழங்கைக்கு மடித்த கை, அடர்நிற பேண்டு, துடைத்த ஷூ. இதற்கு மேல் எந்த மேலாளரும் கேட்கமாட்டார். பெண்களுக்கு, 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடிக் கண்டாங்கிச் சேலை இருக்கிறது. அதன் பெரிய கட்டம் எந்தக் கூட்டத்திலும் நிமிர்ந்து நிற்கும். சேலை தோதுப்படாதவர்களுக்குக் கைத்தறிக் கட்டத்தில் தைத்த குர்தா போதும். மே மாத வெயிலில் இந்த ஊர் ரயில்பெட்டிக்குள் பாலியஸ்டர் போட்டுக்கொண்டு நின்றவர்களுக்கு நான் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

வாங்கும்போது கைத்தறியா என்று கேட்டு வாங்குங்கள். குடியாத்தத்திலும் குறிஞ்சிப்பாடியிலும் லுங்கி நெய்த கைகளுக்கு வேலை குறைந்துகொண்டே போகிறது. அந்தக் கட்டம் சட்டைத் துணியாகவும் விற்றால் தறி ஓடும். கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் பாருங்கள். முதல் சலவையை மட்டும் தனியாக வையுங்கள்: பச்சைத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறல், முறுக்காமல் பிழிதல், நிழலில் உலர்த்தல். இப்போதைய சாயம் அநேகமாகப் போகாது. போனாலும் பக்கத்துச் சட்டை தப்பிக்கும்.