மாசசூசெட்ஸ் ஊர்ப்பேணற் சட்டமும் சொத்துவரியின் மேல்வரியும் - ஒரு வரலாற்று நோக்கு

பொதுநலச் செலவுக்கென வாங்கப்படும் வரி யாரிடமிருந்து பெறப்படுகிறது, யாரைச் சென்று சேர்கிறது என்னும் வினா வரலாற்றாய்வுக்குப் புதியதன்று. கல்வெட்டுகளில் காணப்பெறும் வரியினங்களை வகைப்படுத்த முற்படுவோரும் இறுதியில் இவ்வினாவுக்கே வந்து சேர்கின்றனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2000ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற சட்டமொன்று, திறந்த நிலங்களைக் காத்தல், பழங்கட்டடங்களைப் பேணல், எளியோர்க்கு வீடமைத்தல், விளையாட்டிடங்களை உருவாக்கல் ஆகிய நான்கையும் சொத்துவரியின்மீது விதிக்கப்படும் ஒரே மேல்வரியால் நடத்த வழிசெய்தது. அச்சட்டம் உருவான வழியையும், அதன் சுமையும் பயனும் பிரிந்து சென்ற திசைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

'கம்யூனிட்டி பிரிசர்வேஷன் ஆக்ட்' என்னும் அதன் பெயரைச் 'சமூகப் பாதுகாப்புச் சட்டம்' எனப் பெயர்த்தால் முதியோர் ஓய்வூதியம் போன்றதொன்று நினைவுக்கு வரும். இங்குக் 'கம்யூனிட்டி' என்பது நகராகவோ சிற்றூராகவோ அமைந்த ஓர் உள்ளாட்சியையே சுட்டுகிறது. ஆதலின் இக்கட்டுரையில் 'ஊர்ப்பேணற் சட்டம்' என்னும் ஆட்சி கொள்ளப்படுகிறது.

தீவுகளில் தொடங்கியது

இச்சட்டத்தின் வேர் 1980களில் உள்ளது. மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பாலுள்ள நான்டக்கெட் தீவில் கோடைக்கால மாளிகைகள் பெருகி, வெற்று நிலம் விரைவாக விலைபோயிற்று. 1983இல் அங்கு ஒரு நில வங்கி நிறுவப்பெற்றது. சொத்து கைமாறும்போதெல்லாம் வாங்குபவர் விலையில் 2 விழுக்காட்டைக் கட்டணமாகச் செலுத்துவார். அத்தொகையைக் கொண்டு வங்கி நிலத்தை வாங்கிப் பொதுவில் வைக்கும். 1986இல் மார்த்தாஸ் வின்யார்டு தீவும் இம்முறையை மேற்கொண்டது. நிலத்துக்கு நெருக்கடி உண்டாக்கும் புதுவரவினரே அந்நெருக்கடியைத் தீர்க்கவும் பொருள் தரவேண்டும் என்பது இதன் உட்கருத்து.

தலைநிலத்தை ஒட்டிய கேப் காட் பகுதியிலும் இவ்வாறே விற்பனைக் கட்டணம் விதிக்க முயன்றபோது, வீடு நில வணிகர் கடுமையாக எதிர்த்தனர். 1998இன் தொடக்கத்தில் நடந்த வாக்கெடுப்பில் அத்திட்டம் தோற்றது. அதே ஆண்டு நவம்பரில் வேறு வடிவில் அது மீண்டும் மக்கள்முன் வைக்கப்பட்டது: விற்பனைக் கட்டணம் நீக்கப்பட்டு, சொத்துவரியின்மீது 3 விழுக்காடு மேல்வரி என்றாயிற்று. கேப் காட்டின் 15 ஊர்களும் அதனை ஏற்றன.

இம்மாற்றம் வெறும் நடைமுறை மாற்றமன்று என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. வாங்குபவர் ஒருமுறை செலுத்தும் கட்டணம், ஏற்கெனவே குடியிருப்பவர் ஆண்டுதோறும் செலுத்தும் வரியாயிற்று. நிலவிலை உயர்வால் ஆதாயம் பெறும் வணிகம் விலகிக்கொள்ள, அவ்வுயர்வால் வரிச்சுமை கூடிய பழங்குடியினர் அவ்விடத்தில் நிறுத்தப்பட்டனர். பின்வந்த மாநிலச் சட்டம் இவ்வடிவத்தையே மேற்கொண்டது. அதற்குப் பெரிதும் உழைத்தவர் அன்றைய சுற்றுச்சூழல் துறைச் செயலர் ராபர்ட் டுராண்ட் ஆவார். 2000 செப்டம்பர் 14 அன்று ஆளுநர் பால் செலூச்சி அதில் கையொப்பமிட்டார்.

கேப் காட்டின் மேல்வரி நிலத்துக்கு மட்டுமே உரியது. மாநிலச் சட்டத்தில் வீடும் பழங்கட்டடமும் சேர்ந்தமைக்குக் காரணம் தேடல் வேண்டும். நிலத்தைக் காக்கக் காக்க எஞ்சிய மனைகளின் விலை ஏறும். ஊரில் பிறந்தவரே ஊரில் குடியிருக்க இயலாமற்போகும். ஆகவே வீடமைப்பை விலக்கி நிலங்காத்தலை மட்டும் வேண்டுவது முரணாகும். இஃதன்றி, தனித்தனியே வலுவற்றிருந்த மூன்று இயக்கங்கள் ஒருங்கிணைந்தாலன்றிச் சட்டமன்றத்தில் பெரும்பான்மை கிட்டாது என்னும் அரசியல் தேவையும் இருந்தது எனக் கருதலாம்.

வரியின் அமைப்பு

இச்சட்டம் எவ்வூர்மீதும் தானாகப் பாய்வதில்லை. ஊரார் வாக்களித்து ஏற்றால் மட்டுமே 3 விழுக்காடு வரையிலான மேல்வரி நடைமுறைக்கு வரும். 1980இல் மக்கள் வாக்கெடுப்பால் வந்த சட்டமொன்று, ஓர் ஊர் திரட்டும் மொத்தச் சொத்துவரி ஆண்டுக்கு 2.5 விழுக்காட்டுக்குமேல் உயர்வதைத் தடுத்திருந்தது. இம்மேல்வரி அவ்வரம்புக்குப் புறம்பானது. குறைந்த வருவாயினர்க்கும், வீட்டு மதிப்பின் முதல் 1,00,000 டாலருக்கும் ஊர் விரும்பினால் விலக்களிக்கலாம். சான்றாக, 5,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு ஆண்டுச் சொத்துவரி 5,000 டாலர் எனின், 3 விழுக்காட்டு மேல்வரி 150 டாலராகும். முதல் 1,00,000 டாலரைக் கழித்தால் 120 டாலராகும்.

சொத்துவரியின்மேல் ஒரு நோக்கத்துக்கென மேல்வரி விதிப்பது தமிழுலகம் அறியாததன்று. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம் நூலக வரியை இவ்வடிவிலேயே அமைத்தது. ஆனால் அங்கு நோக்கம் ஒன்று, இங்கு நான்கு. பங்கீட்டில் பூசல் எழாதவாறு, திறந்த நிலம், பழங்கட்டடம், வீடமைப்பு ஒவ்வொன்றுக்கும் ஆண்டுத்தொகையில் குறைந்தது 10 விழுக்காடு என வரையறுத்தனர். எஞ்சியதை ஊர் தன் விருப்பப்படி பகிரலாம். விளையாட்டிடத்துக்கெனத் தனிப்பங்கு வைக்கப்படவில்லை என்பது கருதத்தக்கது. 5 முதல் 9 பேர் கொண்ட குழு திட்டங்களைப் பரிந்துரைக்கும். ஊர்ச்சபை அத்தொகையைக் குறைக்கலாம், மறுக்கலாம், கூட்ட இயலாது.

சொல்லும் வழக்கும்

சட்டத்தின் சொற்களே அதன் எல்லையை வகுத்தன என்பதற்கு நியூட்டன் நகர வழக்கு தக்க சான்று. அந்நகரம் பழைய பூங்காக்கள் இரண்டைச் செப்பனிட இந்நிதியை ஒதுக்கியது. வரி செலுத்துவோர் சிலர் வழக்குத் தொடுத்தனர். விளையாட்டிடத்தை 'உருவாக்குதல்' என்பது இல்லாததை உண்டாக்குதலேயன்றி உள்ளதை மேம்படுத்துதலன்று எனவும், 'பேணல்' என்பது அழிவினின்று காத்தலே எனவும் மாநில உச்ச நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. புதுநிலம் வாங்க இடமிருந்த புறநகர்க்கு இதனால் இழப்பில்லை; இருக்கும் பூங்காவைச் சீர்செய்வதன்றி வேறு வழியில்லாத நெருக்கமான நகரங்களே பாதிக்கப்பட்டன. 2012இன் திருத்தம் பழைய விளையாட்டிடங்களையும் சீரமைக்க இடமளித்தது. செயற்கைப் புல்தரை வாங்குவதை மட்டும் விலக்கிவைத்தது.

மற்றொரு வழக்கு ஆக்டன் ஊரின் தேவாலயத்தைப் பற்றியது. அதன் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் புதுப்பிக்க ஊர் நிதியளிக்க முன்வந்தது. அவை கலைப்பொருளா, வழிபாட்டுப்பொருளா? கோயிற்கலை பயில்வோர்க்கு இவ்வினாவின் இடர்ப்பாடு விளங்கும். இயேசுவின் உருவம் தீட்டப்பெற்ற சாளரத்துக்குப் பொதுப்பணம் தருவது மாநில அரசமைப்பு தடுத்த சமய உதவியாகும் என 2018இல் நீதிமன்றம் கருதியது. எனினும் வழிபாட்டிடங்கள் அனைத்துக்கும் நிதியை முற்றாக மறுக்கவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் நோக்கும் விளைவும் கொண்டு ஆராய வேண்டும் என்றது.

யாரால், யாருக்கு

ஊர் திரட்டும் தொகையோடு மாநிலமும் ஒரு தொகையைச் சேர்த்தளித்தது. இவ்விணைநிதியே ஊர்களை ஈர்த்த முதன்மைக் காரணம். பத்திரப் பதிவு அலுவலகங்களில் பதிவாகும் ஆவணங்கள் பெரும்பாலானவற்றுக்குத் தலா 20 டாலர் கூடுதற் கட்டணம் வாங்கி இந்நிதியம் அமைக்கப்பட்டது. கட்டணம் மாநிலம் முழுவதற்கும் பொது; பயன் மேல்வரியை ஏற்ற ஊர்களுக்கே உரியது. ஏற்கும் ஆற்றல் வளமான புறநகர்களுக்கு மிகுதி. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராப்பபோர்ட் நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எளிய நகரங்களில் திரண்ட பதிவுக்கட்டணம் செல்வ ஊர்களின் திட்டங்களுக்குச் சென்றதை எடுத்துக்காட்டியது.

இவ்வேற்றத்தாழ்வைச் சட்டம் அறியாததன்று. நிதியத்தின் ஒரு பங்கு சமன்செய் பங்கீட்டுக்கென ஒதுக்கப்பட்டது. சொத்துமதிப்பில் தாழ்ந்த ஊர்கள் அதில் முன்னுரிமை பெறும். ஆயினும் 3 விழுக்காட்டையும் முழுமையாக ஏற்ற ஊருக்கே அப்பங்கீடு. ஏழை ஊருக்கென வைத்ததைப் பெற அவ்வூர் முதலில் மிகுதியான வரியைத் தாங்க வேண்டும் என்னும் நிபந்தனையை என்னவென்பது!

எல்லா நகரங்களும் ஒரே வழியில் சென்றன எனக் கொள்ளற்க. 2001 நவம்பரில் 3 விழுக்காட்டை ஏற்ற கேம்பிரிட்ஜ் நகரம் ஆண்டுதோறும் 80 விழுக்காட்டை எளியோர் வீடமைப்புக்கே வழங்கி வந்துள்ளது. அதே மாதத்தில் அண்டை நகரான பாஸ்டனின் வாக்காளர் இதனை நிராகரித்தனர். அடுத்த 15 ஆண்டுகளும் பாஸ்டனில் பத்திரம் பதிந்தவர்கள் 20 டாலர் செலுத்திவந்தனர். நகரத்துக்கு இணைநிதி ஏதும் வரவில்லை.

தொடக்க ஆண்டுகளில் ஊர் திரட்டிய ஒவ்வொரு டாலருக்கும் மாநிலம் ஒரு டாலர் தந்தது. 2008இல் வீட்டுச் சந்தை சரிந்து பதிவுகள் குறைந்தன. பங்குபெறும் ஊர்களோ பெருகின. இணைநிதி 2010 அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழிறங்கியது. 2016 நவம்பரில் பாஸ்டன் 1 விழுக்காட்டு மேல்வரியை ஏற்றது. ஸ்பிரிங்ஃபீல்டு, ஹோலியோக், செல்சி போன்ற தொழில் நகரங்களும் அப்போதே இணைந்தன. அதற்கடுத்த ஆண்டில் பெரும்பாலான ஊர்களுக்குக் கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கினும் குறைவு. 2019இல் சட்டமன்றம் பதிவுக்கட்டணத்தை 20 டாலரிலிருந்து 50 டாலராக உயர்த்தியது. மாநிலத்தின் 351 ஊர்களில் பாதிக்குமேல் இன்று இச்சட்டத்தை ஏற்றுள்ளன. ஏற்காத ஊர்களிலும் பதிவுக்கட்டணம் 50 டாலரே. 1 விழுக்காட்டோடு நின்றுகொண்ட பாஸ்டனுக்குச் சமன்செய் பங்கீட்டில் இடமில்லை.