காவிரி மகசீரும் தூண்டில்காரர்களும்

மகசீர் என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் மலையாறுகளில் வாழும் பெரிய செதிள்களை உடைய கெண்டைக் குடும்பத்து மீன். இவற்றுள் காவிரியிலும் அதன் கிளையாறுகளிலும் மட்டுமே இயற்கையாக வாழ்வது கூன்முதுகு மகசீர். தலைக்குப் பின்னால் முதுகு திமில்போல் எழும்பி நிற்பதால் இந்தப் பெயர் வந்தது. 1946 இல் மைசூரைச் சேர்ந்த ஜே. டி வெட் வான் இங்கன் கபினி ஆற்றில் பிடித்த மீன் சுமார் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. இந்தியாவில் தூண்டிலில் பிடிபட்ட மகசீர்களில் இதுவே மிகப் பெரியது என்று தூண்டில்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரை ஆறுகளில் ஸ்டீல்ஹெட் என்ற மீனுக்கு இருக்கும் இடம், தென்னிந்தியாவில் மகசீருக்கு உண்டு. ஸ்டீல்ஹெட் என்பது வானவில் ட்ரவுட் மீனின் கடலோடி வடிவம். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் ஆறேறி வரும். மகசீர் கடலுக்குப் போவதில்லை. ஆனால் மழைக்காலத்தில் வெள்ளம் வந்ததும் அதுவும் முட்டையிட நீரோட்டத்தை எதிர்த்து மேலேறும். இரண்டுமே வேகமான ஆற்றில் பழகிய, முரட்டு வலுவுள்ள மீன்கள். தூண்டிலில் மாட்டியவுடன் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் முதல் ஓட்டத்துக்காகவே இவற்றைத் தேடி ஆட்கள் கண்டம் விட்டுக் கண்டம் வருகிறார்கள்.

இந்த விளையாட்டுக்கு இலக்கணம் எழுதியவர் சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த ஆங்கிலேய அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். தென் கன்னட மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த அவர், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றிய தமது நூலை 1873 இல் வெளியிட்டார். அதன் நாயகன் மகசீர்தான். ஐரோப்பிய சால்மனைவிட மகசீர் கடுமையாகப் போராடும் என்பது அவர் கட்சி. மகசீரின் தாடையில் பல் கிடையாது. தொண்டைக்குள் இருக்கும் பற்களால் நண்டையும் சிப்பியையும் நொறுக்கித் தின்னும். சாதாரணத் தூண்டில் முள் அந்த அழுத்தத்தில் நசுங்கிவிடும் என்பதால், சீமையிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த முட்கள் இங்கே பயன்படாமல் போயின.

1887 இல் தாமஸ் ஏரிகளிலும் குளங்களிலும் தூண்டில் போடுவது பற்றித் தனியே இன்னொரு நூல் எழுதினார். ஆறு எட்டாத சமவெளிக்காரர்களுக்கு அதுதான் பொருத்தம். தாம்பரத்தை அடுத்த ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கும் அடையாறும், சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளும் விரால், கெளுத்தி, கெண்டை வாழும் வெதுவெதுப்பான நீர்நிலைகள். மகசீருக்கு வேண்டிய பாறையும் ஓட்டமும் அங்கே கிடையாது. இந்த ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்களுக்கு இன்று நன்கு தெரிந்த ஜிலேபி மீன் இந்த மண்ணின் மீனே அல்ல. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952 இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. வெளி மீனை விட்டால் உள்ளூர் மீனுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி காவிரியிலும் பிறகு எழுந்தது.

அந்தக் கேள்வி அன்றைய ஆங்கிலேயர்களுக்கு எழவில்லை. அவர்களுக்கு ஊர் நினைவு. சென்னைப் படையில் மருத்துவராக இருந்து, பின்னர் இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை எழுதிய பிரான்சிஸ் டே, 1863 இலேயே நீலகிரிக்கு ட்ரவுட் முட்டைகளைக் கொண்டுவர முயன்று தோற்றார். வெப்பமண்டலக் கடலைக் கடந்து வரும் கப்பலில் முட்டைகள் பிழைக்கவில்லை. 1879 இல் நீலகிரிக்கென்று வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமே இயற்றப்பட்டது. அரசின் மீன்வளர்ப்பு வல்லுநர் ஹெச். சி. வில்சன் 1907 இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் ட்ரவுட் மலையோடைகளில் நிலைத்தது. ஸ்டீல்ஹெட்டும் இதுவும் ஒரே இனம் என்பதால், ஒருவகையில் ஸ்டீல்ஹெட்டின் உறவு ஊட்டிக்கு மேலே நூறாண்டுக்கும் மேலாகக் குடியிருக்கிறது எனலாம். பைக்காரா, முக்கூர்த்தி, குந்தா மின்திட்ட அணைகள் வந்தபின் அந்த ஓடைகள் பலவும் நீர்த்தேக்கங்களாகிவிட்டன.

மகசீருக்கு வந்த ஆபத்து வேறு வகை. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897 ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்திருந்தும் வெடி ஓயவில்லை. 1934 இல் முடிந்த மேட்டூர் அணை காவிரியின் குறுக்கே மீன் ஏறிவரும் வழியை அடைத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, காவிரியில் பெரிய மகசீர் இன்னும் உண்டா என்ற சந்தேகமே வெளிநாட்டில் நிலவியது. 1970களின் பிற்பாதியில் பிரிட்டனிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் காவிரியில் பெரிய மீன்களைப் பிடித்துக் காட்டிய பிறகு, உலகத் தூண்டில்காரர்களின் கவனம் மீண்டும் இங்கே திரும்பியது. ஒகேனக்கல்லுக்கு மேலே கர்நாடகப் பகுதியில் பீமேஸ்வரி, கலிபோரே, தொட்டமாகலி முகாம்கள் பெயர் பெற்றன.

அங்கே பிடிக்கும் முறை எளிது. கேழ்வரகு மாவைக் கிளறி உருண்டையாக்கி முள்ளில் பொதிந்து, பாறைகளுக்கு இடையே ஓடும் நீரில் போடுவார்கள். மீன் மாட்டிவிட்டால் கரையில் நின்றபடி சமாளிக்க முடியாது. உள்ளூர் வழிகாட்டி பரிசலைத் தள்ள, தூண்டில்காரர் அதில் ஏறி மீனுக்குப் பின்னாலேயே போக வேண்டும். கரைக்குக் கொண்டுவந்த மீனை எடைபோட்டு, படமெடுத்து, மறுபடி ஆற்றில் விட்டுவிடுவது கண்டிப்பான விதி. வழிகாட்டிகளில் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். ஆற்றின் ஒவ்வொரு மடுவும் அவர்களுக்குத்தான் தெரியும்.

இந்தக் காலத்தில்தான் நல்லெண்ணத்தோடு ஒரு தவறு நடந்தது. மகசீர் குறைகிறதே என்று, மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நிறுவனப் பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மகசீர்க் குஞ்சுகள் 1970களிலிருந்து காவிரியில் விடப்பட்டன. அது கிருஷ்ணா ஆற்று வகை. மகசீர் என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று அன்று எண்ணினார்கள். அமெரிக்காவில் ஸ்டீல்ஹெட்டுக்கு நடந்ததும் இதற்கு நெருக்கமானது: பொரிப்பகக் குஞ்சுகள் ஆறுகளில் கொட்டப்பட்டு, காட்டு மீன் சுருங்கியது. அங்கே பொரிப்பகக் குஞ்சின் முதுகிலுள்ள சிறு கொழுப்புத் துடுப்பை வெட்டி விடுகிறார்கள். துடுப்பு முழுதாக இருக்கும் மீன் காட்டு மீன் என்பதால் பல ஆறுகளில் அதைத் திரும்ப விட்டாக வேண்டும். காவிரியில் அப்படி எந்த அடையாளமும் இடப்படவில்லை.

நடந்ததைக் காட்டிக் கொடுத்தவை தூண்டில்காரர்களின் குறிப்பேடுகளே. கலிபோரே முகாமில் 1998 முதல் 2012 வரை பிடித்து விடப்பட்ட 6,000க்கும் மேற்பட்ட மகசீர்களின் பதிவுகளை ஏட்ரியன் பிண்டர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலசினர். மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் பாதுகாப்பு வென்றதுபோலத் தோன்றும். ஆனால் கூடியது நீலத்துடுப்பு. கூன்முதுகில் அகப்பட்டவை சில பெரிய கிழட்டு மீன்களே. குஞ்சுகள் வருவது நின்றுபோயிருந்தது. முறையான அரசுக் கணக்கெடுப்பு இல்லாத ஆற்றில், பொழுதுபோக்குக்காக எழுதிய குறிப்புகளே ஆதாரமாயின.

சரணாலயத்துக்குள் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி விளையாட்டுத் தூண்டில் கூடாது என்ற நிலைப்பாட்டால் அந்த முகாம்களில் தூண்டில் நின்றது. வழிகாட்டிகள் வேலை இழந்தார்கள், ஆற்றில் கண்காணிப்பும் போயிற்று, வெடிக்காரர்களுக்கு வசதியாயிற்று என்பது தூண்டில்காரர்களின் வாதம். சரணாலயம் என்றால் எந்த உயிரையும் பொழுதுபோக்குக்குத் துன்புறுத்தக் கூடாது என்பது மறுதரப்பு. தடை வந்த அன்றே பதிவேடும் நின்றுபோனது என்பதை மட்டும் இரு தரப்பும் மறுக்க முடியாது.

இவ்வளவுக்கும் கூன்முதுகு மகசீருக்கு உறுதியான அறிவியல் பெயர் அப்போது இல்லை. பெயரில்லாத இனத்தைச் சிவப்புப் பட்டியலில் சேர்க்க இயலாது. 2018 இல்தான் அது டோர் ரெமாதேவி என்று உறுதி செய்யப்பட்டது. அமராவதியின் கிளையான பாம்பாற்றில் கிடைத்த சிறு மீன்களைக் கொண்டு கேரள ஆய்வாளர்கள் முன்பே வைத்திருந்த பெயர் அது. அந்தச் சிறு மீனும் காவிரியின் 50 கிலோ மீனும் ஒன்றே என்பது மரபணுச் சோதனையில் தெரிந்தது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது. ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான கூன்முதுகு மீன்கள் கிடைத்த இடம் தமிழ்நாட்டில்தான்: முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையே ஆழ்ந்த பள்ளத்தாக்கில் ஓடி பவானிசாகரில் சேரும் மோயாறு.