கூட்டுத்தொகை எதை அளக்கிறது? கொரியப் பெண்களின் குழந்தைப்பேறின்மை அழுத்தம் குறித்து

குழந்தைப்பேறின்மையால் கொரியப் பெண்களுக்கு நேரும் மன அழுத்தத்தை ஆராய்ந்தோர் பலர், 1999இல் கனடா ஆய்வாளர் நியூட்டனும் உடனாய்வாளர்களும் வெளியிட்ட 46 கூற்றுகள் கொண்ட வினாநிரலின் கொரிய வடிவத்தைக் கையாண்டு, மொத்த மதிப்பெண் உயர்ந்தால் அழுத்தமும் மிகுதி என்று கொண்டுள்ளனர். இந்தக் கொள்கை மறுபரிசீலனைக்கு உரியது.

வினாநிரலின் ஐந்து கூறுகளுள் சமூகக் கவலை, பாலுறவுக் கவலை, இல்லறக் கவலை ஆகிய மூன்றும் பெண் படும் துன்பத்தையே கேட்கின்றன. எஞ்சிய இரண்டு, குழந்தையில்லா வாழ்வை ஏற்க மறுத்தல் (8 கூற்றுகள்), பெற்றோராகும் தேவை (10 கூற்றுகள்) என்பன. ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண் உண்டாதலால், மொத்த உச்சமான 276இல் 108, அதாவது ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, இவ்விரண்டிலிருந்தே வரக்கூடும். இவை கேட்பது துன்பத்தையன்று, விழைவை. கணவனும் மாமியாரும் ஆதரவாக நிற்க, சிகிச்சையை நம்பிக்கையோடு தொடங்கும் பெண்ணும் இங்கே முழு மதிப்பெண் பெறலாம்.

கொரியச் சூழலில் விழைவு என்ற சொல்லும் போதாது. சூசொக், சொல்லால் என்னும் திருநாள்களில் முன்னோர்க்குப் படையலிடும் சடங்கு மரபுப்படி மூத்த மகனின் வீட்டுப் பொறுப்பு. படையலைச் சமைப்பவள் அவ்வீட்டு மருமகள். பெற்றோராவதே வாழ்வின் தலையாய நோக்கம் என்னும் பொருள்படும் கூற்றுக்கு அவள் முழுமையாக உடன்படும்போது, வெளிப்படுவது அவளுடைய ஆசையா, குலத்தொடர்ச்சிக் கடமையா என்பதை மதிப்பெண்ணைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. மறுபுறம், 2023இல் மொத்தக் கருவள விகிதம் 0.72ஆக வீழ்ந்த தென்கொரியாவில், குழந்தையின்றி வாழ்வது பலர் அறிந்தே மேற்கொள்ளும் வழியாகவும் ஓயாத பொதுவிவாதமாகவும் இருப்பதால், அது பற்றிய கூற்றுக்குக் கிடைக்கும் விடையில் நோவோடு கருத்துநிலையும் கலந்திருக்கக்கூடும். சட்டமே 2012இல் ‘புரிம்’ (கருவுற இயலாமை) என்னும் சொல்லைக் கைவிட்டு ‘நானிம்’ (கருவுறுதல் கடினமாதல்) என்பதை ஏற்றது. நிலைமையைக் குறிக்கும் சொல்லே மாறியிருக்க, அதைப் பற்றிய கூற்றுகளின் பொருள் மட்டும் மாறாதிருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

கூற்றுகளுக்கான விடைகள் தம்முள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் குரோன்பாக் ஆல்ஃபா உயர்ந்திருப்பதை எதிர்வாதமாகச் சுட்டலாம். ஆனால் கூற்றுகள் மிகுந்தாலே அவ்வெண் உயரும். அளக்கப்படுவது எது என்பதற்கு அது சான்றாகாது. ஏற்க மறுத்தல், பெற்றோராகும் தேவை ஆகிய இரு கூறுகளும் மனச்சோர்வோடு சேர்ந்தே உயர்கின்றன என்பதும் அத்தகையதே: காரணம் விளைவோடு சேர்ந்து காணப்படுவதால் இரண்டும் ஒன்றாகிவிடா.

வினாநிரலையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. துன்பத்தைக் கேட்கும் 28 கூற்றுகள் பெருமளவு பயன்தரத்தக்கவை. ஆனால் ஐந்து கூறுகளின் மதிப்பெண்களையும் தனித்தனியே தராமல் கூட்டுத்தொகையை மட்டும் தரும் ஆய்வைக் கொண்டு, கொரியப் பெண்ணின் அழுத்தம் பிறநாட்டுப் பெண்ணின் அழுத்தத்தைவிட மிகுதி என்றோ குறைவு என்றோ முடிவுகட்ட இடமில்லை.