கரிக்கோலும் கறுப்புப் பொட்டும்

அண்மையில் கல்முனையில், மின்சாதனங்கள் திருத்தும் நண்பர் ஒருவரின் கடையில் பழைய ரிமோட் ஒன்றைத் திறந்து பார்த்தேன். ஒவ்வோர் இறப்பர்ப் பொத்தானின் அடியிலும் ஒரு கறுப்புப் பொட்டு இருந்தது. கரித்தூள் கலந்த இறப்பர் அது. பொத்தானை அழுத்தும்போது மின்சுற்றை இணைப்பது அதுவே. "இறப்பர் மின்சாரத்தைக் கடத்தாது" என்று பாடசாலையில் மனனம் செய்த எனக்கு அது புதினமாயிருந்தது.

பிளாஸ்டிக்கிலோ இறப்பரிலோ கரித்தூளைச் சிறிதளவு கலந்தால் எதுவும் நிகழ்வதில்லை. துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்துக் கிடக்கும். ஓர் எல்லையைத் தாண்டியதும் அவை சங்கிலியாகக் கோர்த்துக்கொள்ள, கடத்துதிறன் திடீரெனப் பல கோடி மடங்கு உயர்ந்துவிடும். இத்தகைய இணைப்புக்கான கணிதத்தை 1957இல் புரோட்பென்ட், ஹேமர்ஸ்லி என்னும் இருவர் வகுத்தனர். வெப்பமோ இப்படிப் பாய்வதில்லை. பிளாஸ்டிக்கும் ஓரளவு வெப்பத்தைக் கடத்துவதால், கரி கூடக்கூட அது படிப்படியாகவே உயரும்.

இன்னொரு விந்தையும் உண்டு. மிகையான மின்னோட்டத்தால் சூடேறும்போது பிளாஸ்டிக் விரிகிறது. கரிச் சங்கிலி அறுந்து மின்னோட்டம் பெரிதும் குறைகிறது. ஆறியதும் மீண்டும் பாய்கிறது. எரிந்து போகாத இத்தகைய உருகிகள் 1980களில் சந்தைக்கு வந்தன.

இக்கலவைகளில் சேர்க்கப்படும் கரிவகைகளுள் காரீயமும் ஒன்று. கேகாலை மாவட்டத்துப் போகல, குருநாகல் மாவட்டத்துக் கஹட்டகஹ சுரங்கங்களில், பாறைப் பிளவுகளுக்குள் நரம்பாக ஓடும் நம் நாட்டுக் காரீயம் தூய்மைக்குப் பெயர்போனது. முதலாம் உலகப் போரின்போது, உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அதைப் பெருமளவில் வாங்கினார்கள். 1916இல் மட்டும் 30,000 தொன்னுக்கு மேல் கப்பலேறிற்று. 1971இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. ஆயினும் அது பெரும்பாலும் மூலப்பொருளாகவே நாட்டைவிட்டுப் போனது.

சிறுவயதில் தீர்ந்த டோர்ச் பற்றரிகளை உடைத்து, நடுவிலிருக்கும் கரிக்கோலால் சுவரில் கிறுக்கி வாப்பாவிடம் அடி வாங்கியவன் நான். பின்னர் பத்திரிகையில் காரீய ஏற்றுமதிச் செய்திகளை எழுதியபோது, எத்தனை தொன் என்றே கணக்கெழுதினேன். அது எங்கே போய் எதுவாகிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான். தூளை விற்றவர்களுக்குத் தொன் கணக்கில் விலை கிடைத்தது. அதைப் பிளாஸ்டிக்கில் கலக்கும் நுட்பம் கற்றவர்களோ கிராம் கணக்கில் விற்கிறார்கள்.