வண்டிக்குப் பின்னால் பூட்டிய குதிரை

அப்பாவும் பிள்ளையும் ஒரே தொழிலில் இருப்பது லேசான காரியமல்ல. எங்கள் தெருமுனையில் ஒரு லேத் பட்டறை இருந்தது. "இத்தனை வருஷமாக இப்படித்தான் செய்கிறோம்" என்பார் கிழவர். "அதனால்தான் இப்படியே இருக்கிறோம்" என்பான் மகன். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் இருவரும் சேர்ந்து போவார்கள்.

கார்ப் பந்தயத்துக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனால் சார்லஸ் கூப்பர், ஜான் கூப்பர் என்ற தகப்பனும் மகனும் நடத்திய பட்டறையின் கதையைப் படித்தபோது அந்தத் தெருமுனைதான் ஞாபகம் வந்தது.

லண்டனுக்குத் தென்மேற்கே ஸர்பிட்டனில் அவர்களுடைய கராஜ். சார்லஸ், கே டான் என்ற பந்தய வீரரிடம் மெக்கானிக்காக இருந்தவர். 1946-ஆம் வருஷம்; யுத்தம் முடிந்த சமயம். பெட்ரோலுக்கு ரேஷன். காசில்லாதவர்களும் பந்தயம் ஓட்டட்டும் என்று, 500 சிசி எஞ்சின் உள்ள சின்னக் கார்களுக்குத் தனிப் பந்தயம் ஏற்பட்டிருந்தது. 23 வயது ஜானும், எரிக் பிராண்டன் என்ற நண்பரும் அதில் ஆசை வைத்தார்கள். பழைய ஃபியட் டோபோலினோ கார்கள் இரண்டின் முன்பாகங்களை அறுத்து, முதுகோடு முதுகாக ஒட்டவைத்தார்கள். மோட்டார் சைக்கிள் எஞ்சின் ஒன்றை, ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் வைத்தார்கள்.

ஏன் பின்னால்? பெரிய சித்தாந்தம் ஒன்றுமில்லை. செயின்தான் காரணம். மோட்டார் சைக்கிள் எஞ்சின் செயினால் சக்கரத்தைச் சுழற்றுவது. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்தால் சௌகரியம். அவ்வளவுதான்!

இதற்கு முன் யாரும் செய்யாததல்ல இது. 1930-களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் செய்தது. ஆனால் யுத்தத்துக்குப் பிறகு பெரிய கம்பெனிகள் குதிரையை வண்டிக்கு முன்னால்தான் பூட்டின. கூப்பர்களோ, சௌகரியத்துக்காகச் செய்ததன் லாபத்தைப் போகப்போகக் கண்டார்கள். எஞ்சின் முன்னால் இருந்தால், அதன் சக்தியைப் பின்னால் கொண்டுபோகும் தண்டு ஓட்டுகிறவருக்கு அடியில் போக வேண்டும். தண்டு இல்லையென்றால் ஆசனம் தாழும், காரும் தாழும், எடை குறையும், காற்றின் எதிர்ப்பும் குறையும்.

1948-இல் ஸ்டிர்லிங் மாஸ் என்ற 18 வயதுப் பையன் இவர்களிடம் ஒரு கார் வாங்கினான். 1958 ஜனவரியில் அதே மாஸ், இரண்டு லிட்டருக்கும் குறைந்த எஞ்சின் கொண்ட கூப்பரில் அர்ஜென்டினா கிராண்ட் பிரீயில் இறங்கினார். டயர் மாற்ற நிற்பார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நிற்கவேயில்லை. டயர் தேய்ந்து துணி தெரிய, ஃபெராரியை மூன்று விநாடிக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஜெயித்தார். உலக சாம்பியன்ஷிப் பந்தயத்தில் பின்எஞ்சின் காருக்குக் கிடைத்த முதல் வெற்றி அது.

1959-லும் 1960-லும் ஜாக் பிராபம் கூப்பரில் உலக சாம்பியன். முதல் வருஷக் கடைசிப் பந்தயத்தில், ஸீப்ரிங்கில், கடைசிச் சுற்றில் பெட்ரோல் தீர்ந்தது. மனிதர் இறங்கிக் காரைக் கையால் தள்ளி எல்லையைக் கடந்து நான்காவதாக வந்தார்! 1961-இல் ஃபெராரியே குதிரையைப் பின்னால் மாற்றிக்கொண்டது.

அப்பா கையிறுக்கம், பிள்ளை எதையும் செய்து பார்க்கத் துடிப்பவர். அந்த இழுபறியில்தான் பட்டறை வளர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 1962-இல் லோட்டஸ், குழாய்ச் சட்டத்தை விட்டுத் தகட்டுக் கூட்டில் கார் செய்தபோது, கூப்பர்கள் பழைய குழாய்களையே பிடித்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தை மாற்றியவர்களுக்கும் ஒருநாள் தங்கள் வழியே வழியாகிவிடுகிறது. 1963-இல் ஜானுக்குக் கார் விபத்தில் பலத்த காயம். 1964-இல் சார்லஸ் காலமானார். மறுவருஷம் ஜான் பந்தயக் குழுவை விற்றுவிட்டார். 2000-ஆம் வருஷம் அவரும் மறைந்தார். 1961-இல் பிறந்த மினி கூப்பர் என்ற சின்னக் காரில் குடும்பப் பெயர் மட்டும் இன்னும் ஓடுகிறது.

எங்கள் தெருமுனைக் கிழவரும் போய்விட்டார். சென்ற மாதம் அந்தப் பக்கம் போனேன். ஏதோ யோசனை சொன்ன பையனிடம் மகன் சொல்லிக்கொண்டிருந்தான்: "இத்தனை வருஷமாக இப்படித்தான் செய்கிறோம்."

மேஜைக்குப் பின்னால், சுவரில் கிழவரின் படம். அதில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.