தேவையே ஆசான்

இரண்டாம் மொழி குழந்தைப் பருவத்திற்கே உரியதா? திருவண்ணாமலை வரலாறு இதற்கு விடை கூறுகிறது.

1896ஆம் ஆண்டில், 16 வயதில், அவ்வூரை அடைந்த ரமணர் பள்ளியில் பயின்றவை தமிழும் ஆங்கிலமுமே. அவருக்குத் தொண்டு புரிந்த பழனிசாமி மலையாளி. தமிழ் நூல்களைப் படிக்க இடர்ப்பட்டார். ரமணரே அவற்றைப் படித்துப் பொருள் உரைத்தார். அத்தகைய நட்பினாலும் நூற்பழக்கத்தாலும் மலையாளமும், வடமொழியும், தெலுங்கும் அவருக்குக் கைவந்தன. 1927இல் தமிழில் இயற்றிய ‘உபதேச உந்தியார்’ என்னும் நூலைப் பிற்பாடு அம்மும்மொழிகளிலும் அவரே ஆக்கினார்.

ஒலிப்பில் குழந்தைகளுக்கு மேன்மை உண்டு. ஆயினும், வளர்ந்தோர் மூளையும் பயிற்சியால் மாறவல்லது. அறிந்த பொருளோடு பிணைந்த புதுச்சொல் நினைவில் எளிதில் வேரூன்றும். ஆகவே ஆசிரியர்கள் சொற்பட்டியலோடு நில்லாது, மாணவர் அறிய விழையும் நூலையும் அவர் கையில் தருவாராக!