எந்தப் பிரிவிலும் சேராத ஒரு இசைத்தட்டு

ஆனந்த சங்கர் என்று சொன்னால் நம் பக்கத்தில் பலரும் “ரவிசங்கருக்குத் தம்பியா?” என்று கேட்பார்கள். தம்பி இல்லை, அண்ணன் மகன். நடனக் கலைஞர் உதய சங்கருக்கும் அமலா சங்கருக்கும் 1942 டிசம்பரில் பிறந்தவர். 1975-ல் அவர் ஒரு எல்.பி. ரிக்கார்டு போட்டார். கிராமபோன் கம்பெனியின் எச்.எம்.வி. முத்திரையோடு வந்தது. ‘ஆனந்த சங்கர் அண்ட் ஹிஸ் மியூசிக்’ என்று சாதாரணமான பெயர். நம் நாட்டில் பதிவான சைகடெலிக் ராக் இசையில் அதைவிடத் துணிச்சலானதை நான் கேட்டதில்லை. ஆனால் வந்த காலத்தில் அதைக் கவனித்தவர்கள் குறைவு.

சைகடெலிக் என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகள்கூடக் கேட்பார்கள். 1960-களின் நடுவில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் ராக் குழுக்கள் கனவில் கேட்பதுபோல நீண்டு சுழலும் இசையைச் செய்யத் தொடங்கின. அன்றைய போதைப் பழக்கத்துக்கும் அதில் பங்கு உண்டு. சித்தாரின் ரீங்காரம் அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 1965-ல் பீட்டில்ஸ் ஒரு பாட்டில் சித்தார் வாசித்தபிறகு அது ஃபேஷனாகவே ஆகிவிட்டது. தன் வாத்தியம் போதையோடு சேர்த்துப் பேசப்படுவது ரவிசங்கருக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் வெளிப்படையாகவே சொல்லி வந்தார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். அதனால் இந்தக் குடும்பம் எனக்கு முதலில் அறிமுகமானது பாரிஸ் வழியாகத்தான். உதய சங்கரின் குழு 1930-களில் பாரிஸைத் தலைமையிடமாக வைத்து ஊர் ஊராக ஆடியது. அவரோடு ஆடிய சிம்கி பிரெஞ்சுப் பெண். பத்து வயதுச் சிறுவன் ரவிசங்கர் அங்கே போய்ப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தார். மேற்கும் கிழக்கும் கலப்பது இந்த வீட்டில் 1960-களில் வந்த ஃபேஷன் இல்லை, அதற்கு முப்பது வருஷம் முன்பே வந்த பழக்கம்.

நம் ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. உதய சங்கர் தன் ஒரே படமான ‘கல்பனா’வை எடுத்தது சென்னை ஜெமினி ஸ்டூடியோவில். நம் நாட்டியப் பேரொளி பத்மினி முதலில் திரையில் தோன்றியது அதில்தான். படம் 1948-ல் வந்தது. அதே ஸ்டூடியோவின் ‘சந்திரலேகா’வும், அந்தப் பிரம்மாண்டமான முரசு நடனமும் வந்தது அதே வருஷம். ஆனந்துக்கு அப்போது ஐந்து வயது.

ஆனந்த் சித்தார் கற்றது சித்தப்பாவிடம் இல்லை, காசியில் லால்மணி மிஸ்ராவிடம். 1960-களின் கடைசியில் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் முதலான ராக் கலைஞர்களோடு வாசித்தார். 1970-ல் ரிப்ரைஸ் கம்பெனி அவர் பெயரிலேயே ஒரு ரிக்கார்டு வெளியிட்டது. ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றையும் டோர்ஸ் பாட்டு ஒன்றையும் அதில் சித்தாரில் வாசித்தார். மூக் சிந்தசைசரும் உண்டு (நம் மூக்கு இல்லை, கண்டுபிடித்தவர் ராபர்ட் மூக்). ஆனந்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இந்த ரிக்கார்டைத்தான் முதலில் சொல்வார்கள். எனக்கு அது அரைகுறையாகத்தான் படுகிறது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் நன்றாக உடுத்திக்கொண்டு வந்த விருந்தாளி மாதிரி சித்தார் அதில் உட்கார்ந்திருக்கிறது.

ஊர் திரும்பிக் கல்கத்தாவில் இருந்துகொண்டு செய்த 1975 ரிக்கார்டு அப்படியில்லை. இங்கே வீடே சித்தாருடையது. எலெக்ட்ரிக் கிட்டார், டிரம்ஸ், மூக், தபலா எல்லாம் உண்டு, கூடவே நம் மிருதங்கமும். ராக் இசைக்குள் மிருதங்கம் ஒலித்தால் நம் காது உடனே நிமிர்ந்துகொள்ளும். முதல் உருப்படி ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா’. பெயர்தான் தெரு, உள்ளே நெரிசல், ஓட்டம், அவசரம். சித்தார் ராகம் விஸ்தரிக்கவே இல்லை, கூட்டத்தில் வழி விலக்கிக்கொண்டு போகிறது. ‘தி ரிவர்’, ‘டான்’ போன்றவை நிதானமானவை. கடைசியில் ‘டான்சிங் டிரம்ஸ்’. அங்கே தாளம் முன்னால் வந்து நிற்க, சித்தார் அதற்குப் பதில் சொல்கிறது.

அந்த ரிக்கார்டு என்னிடம் வந்தது லாரியில். 1976-ல் நாமக்கல்லில் எழுத்தர் வேலையில் இருந்தேன். பக்கத்து வீட்டு டிரைவர் அண்ணன் கல்கத்தா லோடு போவார். “ஏதாவது வேணுங்களா சார்?” என்றார், ரிக்கார்டு ஏதாவது கிடைத்தால் கொண்டுவாருங்கள் என்றேன். அட்டையில் கல்கத்தா என்று கண்ணில் பட்டதை வாங்கி வந்துவிட்டார். என்னிடம் இருந்தது மாமா பிரான்சிலிருந்து கொண்டுவந்த தெப்பாஸ் ரிக்கார்டு பிளேயர் (எங்கள் வீட்டில் ரிக்கார்டை ‘திஸ்க்’ என்றே சொல்வோம்). முதல் உருப்படி ஓடி முடியும் வரை அண்ணன் நின்றுகொண்டே கேட்டார். “ஹவுரா பாலத்துல வண்டிய நிறுத்திப்போட்டு இறங்குனா இப்படித்தானுங்க சார் இருக்கும்” என்றார். அந்த ரிக்கார்டுக்கு இதைவிட நல்ல விமரிசனம் இன்றுவரை நான் படித்ததில்லை.

ஏன் கவனிக்கப்படவில்லை? அந்த வருஷம் மே மாதம் ‘அன்னக்கிளி’ வந்தது. சேலத்திலிருந்து நாமக்கல் வரை டீக்கடை ஒன்று விடாமல் அந்தப் பாட்டுத்தான். படம் இல்லாத, பாட்டு வரிகள் இல்லாத ஒரு ரிக்கார்டை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பத்து வருஷம் கழித்து இளையராஜாவே ‘ஹௌ டு நேம் இட்’ என்று படமில்லாத ஒரு ஆல்பம் போட்டார். அதிலுள்ள இசையைப் பாலு மகேந்திரா ‘வீடு’ படத்தில் பயன்படுத்தியபோதுதான் பலர் காதில் அது விழுந்தது.

ஆனந்த் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஆபீஸில் சில தாள்கள் இப்படித்தான் அலையும். ஒரு பிரிவுக்கு அனுப்பினால் ‘எமது பிரிவுக்குரியதல்ல’ என்று எழுதி அடுத்த பிரிவுக்குத் தள்ளுவார்கள். அங்கேயும் அதே குறிப்பு. ஆனந்த் ரிக்கார்டும் அந்த மாதிரித் தாள். சாஸ்திரீய சங்கீதக்காரர்களுக்கு அது ராக். காலேஜ் பையன்களுக்கு ராக் என்றால் ஆங்கிலப் பாட்டு, சித்தார் என்றால் பெரியவர்கள் சமாசாரம். சேலத்துக் கடை ஒன்றில் ஒருமுறை அதைக் கேட்டேன். சித்தார் கச்சேரி ரிக்கார்டுகளுக்கு நடுவிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். அது வேண்டியவர் யாரும் அந்த அடுக்கில் தேடியிருக்கமாட்டார்.

அவரை யாருமே மதிக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. மிருணாள் சென்னின் ‘கோரஸ்’ படத்துக்காக 1974-க்கான தேசிய விருது வாங்கியவர். மனைவி தனுஸ்ரீயின் நடனங்களுக்கு இசையமைத்துக்கொண்டு கல்கத்தாவில் மரியாதையாகத்தான் இருந்தார். ஆனால் அந்த ராக் இசை இருபது வருஷம் தூசியில் கிடந்தது.

தூசி தட்டியது லண்டன். 1990-களின் நடுவில் அங்கே கிளப்புகளில் இசை போடும் டி.ஜே.க்கள் அந்தப் பழைய எச்.எம்.வி. தட்டைத் தேடி எடுத்தார்கள். 1996-ல் ப்ளூ நோட் கம்பெனி ‘ப்ளூ ஜூஸ்’ தொகுப்பில் ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் கல்கட்டா’வையும் ‘டான்சிங் டிரம்ஸை’யும் சேர்த்தது. ஜாஸ் இசைக்குப் பெயர்போன கம்பெனி அது! இங்கே எந்த அடுக்கில் வைப்பதென்று தெரியாமல் போன தட்டை அங்கே ஆடுவதற்கு வைத்துக்கொண்டார்கள். வெளியூர்க்காரன் சொன்ன பிறகுதான் நம் பொருளை நாம் பார்ப்போம் என்பதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு. ஆனால் அந்த டி.ஜே. பையன்கள் இல்லையென்றால் இன்று இதைக் கேட்டிருப்பவர்கள் மிகக் குறைவாகவே இருந்திருப்பார்கள்.

1998-ல் ஆனந்த் இங்கிலாந்து போனார். ஸ்டேட் ஆஃப் பெங்கால் என்ற பெயரில் இசைத்துவந்த சாம் ஜமானோடு சேர்ந்து மேடையேறினார். தன் பாட்டுக்குத் தன் மகன் வயதுப் பிள்ளைகள் ஆடுவதை நேரில் பார்த்தார். 1999 மார்ச் 26-ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார், 56 வயதுதான். இருவரும் சேர்ந்து செய்த ‘வாக்கிங் ஆன்’ அவர் மறைந்தபிறகு ரியல் வேர்ல்டு வெளியீடாக வந்தது.

இப்போது 1975 ரிக்கார்டை செல்போனிலேயே கேட்கலாம். கேட்பதென்றால் கடைசி உருப்படி ‘டான்சிங் டிரம்ஸி’ல் ஆரம்பித்து, பிறகு முதலுக்குப் போங்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியே வையுங்கள்.